சுப்பம்மாவின் சுயம்பு

கல்லை உடைப்பதற்கென்று கப்பலேறி வருகிற மனிதர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை. காப்பிக்காக வருவார்கள், காடு வாங்க வருவார்கள், யானை சுட வருவார்கள். இவர்கள் சீமையில் ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து கையும் சுத்தியலுமாகக் கண்டி ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். வாத்தியார் ஒருவர், அவரிடம் படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர். ஒரு பருவத்துப் படிப்பை நம்முடைய மலைகளில் நடந்தே படிப்பதாக ஏற்பாடாம். படிப்பதற்கு அங்கே மலை இல்லையா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

நான் அப்போது ஒரு காப்பி ஸ்டோரில் கிளார்க்கு. தோட்டங்களிலிருந்து வருகிற மூட்டைகளைப் பார்த்து வாங்கிப் போடுவது என் வேலை. இலைநோய் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. காப்பி இலையின் அடியில் மஞ்சள் பொடி படிந்து, இலை உதிர்ந்து, செடி வெறும் குச்சியாக நிற்கிற காலம். மூட்டை வரத்துக் குறைந்து, நான் கதிரையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்து இங்கிலீஷ் படித்த பாவத்துக்கு, எங்கள் ஸ்டோர் துரை என்னை அந்தக் கல்லுடைக்கிற கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளனாக அனுப்பிவிட்டார். "இராமநாதன், உனக்கும் நல்ல காற்று கிடைக்கும்" என்றார். காற்று கிடைத்தது. முழங்கால் போயிற்று.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவர்களைப் பற்றி அல்ல, என்னைப் பற்றியும் அல்ல. அவர்கள் உடைத்த கல்லைத் தலையில் சுமந்த சுப்பம்மாவைப் பற்றி.

ஹுன்னஸ்கிரியத் தோட்டமொன்றில் காப்பிப் பழம் பறிக்கிறவள் அவள். தோட்டத்தில் வேலை குறைந்துவிட்டதால், அங்கே கங்காணியாக இருந்த பொன்னையா தன் ஆட்களில் சிலரைச் சுமை தூக்கக் கண்டிக்கு அனுப்பியிருந்தார். அதில் அவளும் ஒருத்தி. நாற்பதைத் தாண்டியிருப்பாள். நெற்றியில் பொட்டில்லை, கழுத்தில் ஒன்றுமில்லை. பேச்சும் குறைவு. பெட்டியைத் தூக்கிவிடச் சொல்லி ஆளைக் கூப்பிடும்போது மட்டும் குரல் கேட்கும்.

நாங்கள் கண்டியிலிருந்து கிழக்கே புறப்பட்டோம். மகாவலியை ஓடத்தில் கடந்து, குண்டசாலைப் பக்கம் சுற்றி, தெல்தெனியா வழியாக ஹுன்னஸ்கிரியவுக்கு ஏறுவது வாத்தியாரின் திட்டம். ஆட்கள் அவருக்கு முதல் நாளே கல்லுத்துரை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் பத்தடி நடப்பார், நிற்பார், ஒரு பாறையை உடைப்பார், உடைந்ததை நக்கிக்கூடப் பார்ப்பார். பிறகு பையன்களைச் சுற்றி நிற்கவைத்துப் பாடம் சொல்வார். பாடம் முடிந்ததும் அந்தக் கல்லைக் கடதாசியில் சுற்றி, இடத்தின் பெயரை எழுதி, பெட்டியில் வைப்பார். பெட்டி சுப்பம்மா தலைக்குப் போகும். மாலையில் இறக்கும்போது அவள் கழுத்து உடனே நிமிராது. சற்று நேரம் பெட்டி இன்னும் தலையில் இருப்பதுபோலவே நிற்பாள்.

மழைக்காலம் வேறு. அட்டை கடித்துக் கால் முழுக்க இரத்தம். ஈரக் கல் உலர்ந்த கல்லைவிடக் கனம் என்று ஆட்கள் சாதித்தார்கள். ஒருவன் ஒரு நாள் பாதிக் கற்களை ஓடையில் கொட்டிவிட்டு, தங்குகிற இடத்துக்கு வந்ததும் வாசலில் கிடந்த கற்களைப் பொறுக்கி நிரப்பிவிட்டான். கல்லுத்துரை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, வாசல் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். "கல்லுன்னா கல்லுதானுங்களே" என்று அவன் என்னிடம் நியாயம் கேட்டான். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

அவர் தேடியது சாதாரணக் கல்லை அல்ல என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கிற்று. கடல் இருந்த இடத்தில் செத்துப்போன சங்கும் நத்தையும் சேற்றில் புதைந்து, காலம் போகப் போகக் கல்லாகவே ஆகிவிடுமாம். அப்படிப்பட்ட கல் ஒன்று கிடைத்தால், அந்த மண்ணின் வயதையே சொல்லிவிடலாமாம். ஆனால் நம்முடைய மலைகள் பூமியின் அடியில் வெந்து மேலே வந்தவை, இதில் அப்படி எதுவும் மிஞ்சியிருக்காது என்று அவரே பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு எதற்காகத் தேடுகிறார் என்று கேட்டேன். குண்டசாலைப் பக்கம் சூளைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பள்ளத்தில் அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தபோதுதான் பதில் சொன்னார். அவருடைய நாட்டில் சுண்ணாம்புக்கல் என்றால் சங்கு இருக்குமாம். எங்காவது ஒரு மூலையில் வேகாத இடம் ஒன்று தப்பியிருக்கலாம் என்று அவருக்கு ஒரு நப்பாசை. அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தால் சீமையில் தன் பெயர் நிற்கும் என்று அவர் சொல்லவில்லை. முகம் சொல்லிற்று.

நடையில் நான் எப்போதும் பின்தங்குவேன். சுமையோடு வருகிற சுப்பம்மாவும் பின்தங்குவாள். என் முழங்கால் வலியும் அவள் கழுத்து வலியும் பேச்சுத்துணையாயின. ஊர் அரியலூர்ப் பக்கம் என்றாள். கல்யாணமான கொஞ்ச நாளில், பஞ்சத்தில், ஆள் கட்டுகிறவன் பின்னால் புருஷனோடு புறப்பட்டிருக்கிறாள். படகில் மன்னார், அங்கிருந்து காட்டுவழி நடை. வழியெல்லாம் பேதி. விழுந்தவர்களை விட்டுவிட்டு நடக்கவேண்டியதுதான், நின்றவர்களும் விழுந்தார்கள் என்றாள். தம்புள்ளைக்கு இந்தப் பக்கம் ஒரு குளத்தங்கரையில் புருஷன் விழுந்தான். அவனைக் குழிதோண்டிப் புதைக்கக்கூட யாருக்கும் கையில் தெம்பில்லை, இலையும் தழையும் போட்டு மூடிவிட்டு நடந்தோம் என்றாள். பிள்ளை இல்லை. பிறகு ஒருத்தனைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள், மனம் வரவில்லை.

"இங்கே உனக்கென்று யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"லயத்துக்கு மேல செல்லியம்மா இருக்காங்க ஐயா. சுயம்பு. தானா முளைச்சவ" என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை.

ஹுன்னஸ்கிரியவுக்கு ஏறி, அவளுடைய தோட்டத்துப் பங்களாவிலேயே தங்கினோம். தோட்டத்துப் பெரிய துரைக்குக் காப்பி செத்த கவலையில் பேச்சுத்துணை வேண்டியிருந்தது. கல்லுத்துரையை வரவேற்று உட்காரவைத்தார். ஆட்களின் வீட்டு வரிசையான லயத்துக்கு மேலே ஒரு சமதரை, அதில் ஒரு பெரிய காட்டுமரம், அடியில் மஞ்சள் பூசிய மூன்று செங்கல். அதுதான் செல்லியம்மன். காப்பி போடுவதற்காக அந்த மரத்தை வெட்டப் போனதாகவும், சாமி தானாக முளைத்த இடம், கைவைத்தால் ஓடிப்போவோம் என்று ஆட்கள் ஒரே குரலில் சொன்னதால் விட்டுவிட்டதாகவும் பெரிய துரையே சொன்னார். இப்போது காய்ச்சல் மருந்துக்கான சிங்கோனா நாற்று போட அந்தச் சமதரை மேல் மறுபடியும் அவருக்குக் கண் விழுந்திருந்தது. "ஆட்கள் எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்த சாமியாக இருந்தால், ஓரமாக எங்கேயாவது நகர்த்தி வைக்கச் சொல்லியிருப்பேன்" என்றார்.

இரண்டு நாள் விடாத மழை. மரத்தடி மேட்டின் ஒரு பக்கம் சரிந்து, மண் ஓடைபோல லயத்துப் பக்கம் இறங்கிற்று. பையன்களில் ஆர்தர் என்று ஒருவன். காய்ச்சலும் வீட்டு நினைப்புமாகச் சுருண்டு கிடந்தவன். மழை விட்ட மத்தியானத்தில் காலாற நடக்கப் போனவன், சரிந்த செம்மண்ணில் எதையோ பார்த்துக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். காய்ச்சல்காரன் அப்படி ஓடுவான் என்று நான் நினைக்கவில்லை.

உள்ளங்கையில் அடங்குகிற கல். சுருள் சுருளாக, பெண்கள் முடிந்த கொண்டையைப் போல இருந்தது. கல்லுத்துரை அதை வாங்கி விறாந்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்லாய்ப் போன கடல் நத்தை அது. அவர் தேடியது அதுவேதான்.

அதற்குள் லயமே விறாந்தையின் முன்னால் கூடிவிட்டது. இந்தக் கல் இங்கே எப்படி வந்தது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். பொன்னையா கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு முன்னே வந்தார்.

"தொரைக்கு நல்லா வெளங்குற மாதிரி சொல்லுங்க ஐயா. இது யாரும் கொண்டாந்து வச்சதில்ல. எங்க செல்லியம்மா. இந்த மண்ணோட பொறந்தவ. நாங்க வர்றதுக்கு முந்தியே, இந்தக் காடு வர்றதுக்கு முந்தியே இங்கதான் இருக்கா."

அவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை. அவர் இந்தத் தோட்டத்துக்குப் பிந்தி வந்தவர். அவர் வந்தபோது மற்றவர்கள் சொன்னதை அவர் நம்பினார், தன் ஆட்களுக்கும் சொன்னார். நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். இந்த மண்ணிலேயே பிறந்த கல் என்றது போதுமென்று கல்லுத்துரை எழுந்து வந்து கங்காணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கங்காணிக்கு உச்சி குளிர்ந்தது. சீமைத் துரையே நம்ம அம்மாவுக்கு மரியாதை செய்துவிட்டார் என்று கூட்டம் குலவை போட்டது.

குலவை அடங்கியபோது கல்லுத்துரை அந்தக் கல்லைப் பஞ்சில் பொதிந்து சின்னப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அது கல்லூரிக்குப் போகும், மரத்தடியை நாளைக்குத் தோண்டிப் பார்க்கவேண்டும், இன்னும் இருக்கும் என்றார். பெரிய துரை சந்தோஷமாகச் சரி என்றார். தோண்டிய இடத்தில் சிங்கோனா போடுவது சுலபம். நான் இதைக் கங்காணியிடம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆட்கள் கூச்சல் போட்டார்கள், நாளைக்கு வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வரமாட்டோம் என்றார்கள். வராதவர்களுக்கு லயத்தில் இடமில்லை என்று பெரிய துரை சொன்னார். கூச்சல் அடங்கிற்று. வேலையில்லாத காலத்தில் யார் எங்கே போவது?

சுப்பம்மா கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். குலவை போடவும் இல்லை, கத்தவும் இல்லை.

மறுநாள் விடிகிற நேரத்தில், பங்களாக் குசினிக்கு வெளியே நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது வந்தாள்.

"ஐயா, ஒரு பேச்சு."

"சொல்லு."

"அது சுயம்பு இல்லைங்க. நான் கொண்டாந்தது."

எனக்குக் காப்பி புரையேறிற்று. அவள் நிறுத்தவில்லை. மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை இறக்கிவைப்பதுபோலச் சொன்னாள்.

ஊரைவிட்டுப் போகிறவர்கள் குலதெய்வம் கோவிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் அதைப் புதைத்து, மேலே கல்லோ செங்கல்லோ நட்டால், தெய்வம் அங்கே வந்துவிட்டதாக அர்த்தம். பிடிமண் என்று பெயர். நடுவழியில் அதைத் தரையில் வைக்கக் கூடாது. வைத்த இடத்திலேயே சாமி தங்கிவிடும். சுப்பம்மாவின் ஊரில், செல்லியம்மன் கோவிலைச் சுற்றி உழுகிற நிலமெல்லாம் இந்தச் சுருள்கல் கிடக்கும். அம்மன் கொண்டை என்று பேர். சின்னப் பிள்ளைகள் வைத்து விளையாடும். பூசாரி ஒரு பிடி மண்ணும் அதில் ஒரு கொண்டையும் சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்து அவள் புருஷன் இடுப்பில் கட்டிவிட்டார்.

"கொளத்தங்கரையில அவருக்கு முடியாமப் போனப்ப, அவுத்து என்கிட்ட குடுத்தாரு. கீழ வச்சிராதன்னாரு. அது ஒண்ணுதான் சொன்னாரு. நான் வயித்துல கட்டிக்கிட்டு நடந்தேன். படுத்தா தரையில பட்டுருமோன்னு உக்காந்தே தூங்கினேன். இங்க வந்து எங்க கூட்டத்து ஆளுங்க எல்லாரும் சேர்ந்து பொதச்சோம். பொறவு தொரை மரத்த வெட்ட வந்தாரு. கொண்டாந்த சாமின்னா நகத்தச் சொல்லுவாருன்னு, தானா முளைச்சதுன்னு சொல்லிட்டோம். நானும் சொன்னேன். அன்னைக்குச் சொன்னவங்க காய்ச்சல்ல போனாங்க, ஊருக்குப் போனாங்க. நான் ஒருத்திதான் மிச்சம்."

"இப்போது என்ன செய்யச் சொல்கிறாய்?"

"நெசத்தச் சொன்னா எடம் போயிரும். சொல்லாட்டி அவ கப்பல்ல போயிருவா. கல்லுத்தொரைக்கிட்ட மட்டும் சொல்லணும். பெரிய தொரைக்குத் தெரியப்படாது. லயத்துக்கும் தெரியப்படாது. நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

கழுத்தறுப்பாய் இருக்கிறதே என்று நினைத்தேன். நான் மூட்டை பார்க்கிறவன், சாமி விவகாரம் எனக்கெதற்கு? ஆனால் அவள் நின்ற நிலையைப் பார்த்து மறுக்க முடியவில்லை. கூட்டிக்கொண்டு கல்லுத்துரையின் அறைக்குப் போனேன். பங்களா முற்றத்தில் பெரட்டுக்கு வந்து நின்றவர்கள், கங்காணி உட்பட, அவள் உள்ளே போவதைப் பார்த்தார்கள். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கல்லுத்துரை உடுத்திக்கொண்டு மேசையருகே தயாராக இருந்தார். நான் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். அந்த ஊர் எங்கே என்றார். அரியலூர்ப் பக்கம் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, அங்கே கோவில் மண் எப்படி இருக்கும் என்று அவளைக் கேட்கச் சொன்னார்.

"மஞ்சக் களிமண்ணுங்க. மழையில கால்ல அப்பிக்கும். காஞ்சா வெடிச்சுக் கெடக்கும்."

அவர் பெட்டியைத் திறந்து கல்லை எடுத்தார். ஓர் ஊசியால் சுருளின் இடுக்கைக் கீறினார். வெள்ளைக் கடதாசியில் கொஞ்சம் மண் உதிர்ந்தது. ஹுன்னஸ்கிரிய மண் சிவப்பு. உதிர்ந்தது மஞ்சள்.

"நேற்று ராத்திரியே இதைப் பார்த்தேன்" என்றார். "பார்த்துவிட்டு விளக்கைத் தள்ளி வைத்துவிட்டேன். அந்த ஊர்க் கற்கள் எங்கள் கல்லூரியில் ஒரு மேசை லாச்சி நிறைய இருக்கின்றன, இராமநாதன். நான் அதைப் பார்த்தே பாடம் படித்தவன். எனக்குத் தெரியாமல் போகுமா?"

எனக்கு அந்த மனிதன் மேல் அதுவரை இருந்த எரிச்சலெல்லாம் அடங்கிவிட்டது. அவரும் களைத்துப்போனவர்தான். தலைமுடி நரைத்து, காலெல்லாம் அட்டைக்கடி. இவ்வளவு தூரம் வந்து ஒரு நாள் மட்டும் சந்தோஷமாக இருந்தார்.

இது வெளியே தெரிந்தால் அவளுக்கு என்ன ஆகும் என்று விசாரித்தார். சொன்னேன். ஜனங்கள் கும்பிடுகிற பொருளைக் கொண்டுபோக மனம் ஒப்பவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன், பையன்களிடமும் அதையே சொல்கிறேன் என்றார். கல்லை அவளிடம் நீட்டினார்.

சுப்பம்மா இரண்டு கையையும் நீட்டினாள். விரல் கல்லைத் தொடப்போன நேரத்தில் கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் வாங்கிட்டுப் போனா ஏன் என்கிட்ட குடுத்தாருன்னு கேப்பாங்க. கங்காணி கையில குடுக்கச் சொல்லுங்க ஐயா. எல்லாரும் பாக்கக் குடுக்கட்டும்."

அப்படியே நடந்தது. விறாந்தையில் வைத்து, கங்காணி கொண்டுவந்த பித்தளைத் தாம்பாளத்தில் கல்லுத்துரை தன் கையாலேயே வைத்தார். பெரிய துரைக்கு வெறுப்பு, ஆனால் விருந்தாளிக்கு எதிரே என்ன பேச முடியும்? பத்து மைல் சுற்றிலும் உள்ள தோட்டத்து ஆட்களுக்கும் ஒரு வாரத்தில் சேதி பரவிவிடும், இனி அந்த மரத்தைத் தொடமுடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆர்தர் ஒரு தூணின் பின்னால் போய் அழுதான். தன் பெயரில் ஒரு கல் சீமையில் இருக்கும் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதிவிட்டானாம். லயம் முழுக்க ஒரே பேச்சு. ராத்திரி அம்மா துரையின் கனவில் போய் நெஞ்சில் மிதித்திருக்கிறாள், துரை பயந்து கொடுத்துவிட்டார். யார் தொடங்கிய கதை என்று தெரியவில்லை. எனக்கும் திருத்துகிற எண்ணமில்லை. அன்று மத்தியானமே நாங்கள் புறப்பட்டோம். சுப்பம்மா எப்போதும்போலப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். வழியில் ஒரு தடவை மட்டும் சிரித்தாள். நான் அதைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கல்லுத்துரையின் கூட்டம் கப்பலேறிப் போயிற்று. வெந்த கற்கள் நிறைந்த பெட்டிகளோடுதான் போனார்கள். நான் ஸ்டோருக்குத் திரும்பினேன். ஹுன்னஸ்கிரியச் சேதி மாட்டுவண்டிக்காரர்கள் மூலம் அவ்வப்போது வந்தது. சீமைத் துரையை மிரட்டிய சுயம்பு என்று செல்லியம்மனுக்குப் பெயர் பரவி, பக்கத்துத் தோட்டத்து ஆட்களெல்லாம் நேர்த்திக்கு வருகிறார்களாம். கங்காணி தகரக்கூரை போட்டுக் கோவில் கட்டி, மாத்தளையிலிருந்து ஒரு பூசாரியைக் கொண்டுவந்து வைத்தாராம். நல்லதாயிற்று, அவள் நினைத்தது நடந்தது என்று நான் இருந்தேன்.

காப்பி ஒழிகிற கடைசிக் காலத்தில், எங்கள் ஸ்டோரை மூடுவதற்கு முன், கிடந்த சாக்குகளைத் திருப்பி வாங்க அந்தப் பக்கம் போகவேண்டி வந்தது. ஆடி மாதம். கோவிலில் திருவிழா. ஜனங்கள் நெருக்கியடித்து நின்றார்கள். கல்லை உள்ளே பீடத்தில் வைத்து, வெள்ளிக் கண் ஒட்டி, புடவை சுற்றியிருந்தார்கள். அது கொண்டைக்கல் என்று இப்போது யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சுப்பம்மாவைத் தேடினேன். கோவில் வேலிக்கு வெளியே, விளக்குமாறோடு நின்றாள். முடி வெளுத்திருந்தது.

"உள்ளே வரவில்லையா?" என்றேன்.

"தாலியறுத்தவ கிட்ட வரப்படாதுன்னு பூசாரி சொல்லிட்டாருங்க. வெளிய கூட்ட விட்டிருக்காங்க."

எனக்குச் சுருக்கென்றது. பூசாரியிடம் போய், இந்த அம்மாள் பழைய ஆள், ஒரு விளக்காவது ஏற்ற விடக்கூடாதா என்று பணிவாகத்தான் கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அவளா? ஒங்களுக்குச் சங்கதி தெரியாது போல. கல்லுத்தொரைக்கிட்ட அம்மாவ வெல பேசப் போனவ அவதானுங்களே. விடியக்காலையில பங்களாவுக்குள்ள நொழஞ்சா, லயமே பாத்துச்சு. முந்தின ராத்திரியே அம்மா தொரைய மிதிச்சுட்டதால தப்பிச்சோம். கங்காணி எரக்கப்பட்டுக் கூட்ட விட்டிருக்காரு. இல்லாட்டி எப்பவோ வெரட்டியிருப்போம்."

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்திருப்பேன். வாயைத் திறந்தும்விட்டேன். வேலிக்கு வெளியே அவள் தலையை ஆட்டுவது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

"இதைத் தெரிந்துகொண்டேவா இத்தனை வருஷம் இருந்தாய்?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன. மொகத்துக்கு நேராவே சொல்லுவாங்க. தண்ணிக்குப் போனா நகந்து நிப்பாங்க."

"உண்மையைச் சொல்லிவிடலாம். நான் சாட்சி இருக்கிறேன். மிஞ்சிப்போனால் என்ன செய்துவிடுவார்கள்?"

"பெரிய தொரை தேயிலைக்கு எடம் தேடிக்கிட்டு நிக்கிறாரு ஐயா. கொண்டாந்த சாமின்னு தெரிஞ்சா நாளைக்கே நகத்திருவாரு. நகத்த விடவா நான் அவளச் சொமந்தேன்?" என்றாள். பிறகு, "எனக்கு அசதியா இருக்குங்க. ரொம்ப அசதியா இருக்கு. ஆனா அவ நல்லாத்தான் இருக்கா" என்றாள்.

ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் பார்த்தேன். அடுத்த ஆடிக்கும் வருகிறேன், ஒரு புடவை எடுத்து வருகிறேன் என்றேன். அவள் விளக்குமாற்றை வேலியில் சாத்திவிட்டு, முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"வராதீங்க ஐயா. கோவிச்சுக்காதீங்க. ஒங்க மொகத்தப் பாத்தா அந்தக் கதை மறுபடியும் கெளம்பும். நீங்க போன பொறவு எத்தனையோ நாளைக்கு அதையே பேசுவாங்க. இப்பத்தான் கொஞ்சம் மறந்திருக்காங்க."

நான் தெல்தெனியாப் பக்கம் இறங்கி நடந்தேன். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கப் போகவில்லை.